ஒரு தட்டு தட்டினால் ஒரு வரி! கம்ப்யூட்டரில் ‘சுருக்குச் சொல்’ வைப்பது எப்படி?



ராசிங்காபுரம், சிலமலை பக்கம் நம் குழுப் பெண்களில் பலருக்கு விடியற்காலையில் ஜீப் ஏறினால்தான் அன்றைய கூலி. மலையில் ஏலக்காய் பறித்துவிட்டு இறங்கி வரப் பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு சோறு ஆக்கி, பிள்ளைகளைப் பார்த்து, ராத்திரி கூட்டத்துக்கு வந்து உட்காருகிறோம். கூட்டம் முடிந்தாலும் எழுத்து வேலை முடிவதில்லை. தீர்மானப் புத்தகத்தைக் கையால் எழுதுகிறோம். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் வங்கிக்குக் கொடுக்கும் தீர்மான நகல், கடன் கேட்டு எழுதும் கடிதம், கூட்டமைப்புக்கு அனுப்பும் மாத அறிக்கை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் அடித்தால்தான் எடுபடுகிறது.

“அதுக்குத்தான் டைப் அடிக்கிற கடை இருக்கே மதினி?” என்று கேட்கலாம். இருக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறோம். போடிக்குப் போய்வர பஸ் செலவு, அரை நாள் கூலி வேறு போகிறது. நம் குழுவின் கடன் கணக்கை வெளி ஆள் கையில் கொடுத்து, அவர் அடித்ததை நம்பி வாங்கி வருகிறோம். கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இந்த வேலையை நாமே செய்யலாம். அதற்கு உதவும் ஒரு சின்ன வசதியைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

அது என்ன சுருக்குச் சொல்?

நம் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். ‘மகளிர் சுய உதவிக் குழு’ எத்தனை தடவை வருகிறது? ‘ஏக மனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ எத்தனை தடவை? ஊர்ப் பெயர், வட்டம், மாவட்டம் எல்லாக் கடிதத்திலும் ஒன்றுதான். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். இரண்டு மூன்று எழுத்து அடித்து, இடம் விடும் நீளப் பட்டையைத் தட்டினால் முழு வரியும் தானாக வந்து விழுகிற மாதிரி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். அந்த இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் சுருக்குச் சொல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கடிதம் அடிக்கிற ‘வேர்டு’ மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் ‘லிப்ரே ஆபீஸ்’ மென்பொருளிலும் இருக்கிறது.

முதலில் தமிழ் விசைப்பலகை

சுருக்குச் சொல் வைப்பதற்கு முன்னால் தமிழில் எப்படி அடிக்கிறோம் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தமிழில் 247 எழுத்து. அத்தனைக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோதே இந்தச் சிக்கல் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆளுக்கு ஒரு விசை அமைப்பு வைத்துக்கொண்டார்கள். ஒரு கடையில் பழகியவர் இன்னொரு கடையில் அடிக்க முடியாத நிலை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு ‘தமிழ் 99’ என்ற பொது விசைப்பலகையை அறிவித்தது.

தமிழ் 99-ல் 31 விசைதான். உயிர் 12, மெய் 18, புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து ஒன்று. உயிர் எழுத்தெல்லாம் இடது கைப் பக்கம். மெய் எழுத்து பெரும்பாலும் வலது கைப் பக்கம். ‘க’ அடித்து ‘உ’ அடித்தால் ‘கு’ வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியேதான். புள்ளிக்கு ஆங்கில ‘எஃப்’ விசை. ஸ, ஷ, ஜ, ஹ வேண்டுமானால் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு மேல் வரிசையின் இடது பக்க விசைகளைத் தட்ட வேண்டும்.

இந்த விசைப்பலகைக்குள்ளேயே ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். வ, ட, ட, இ என்று நாலு தட்டு தட்டினால் ‘வட்டி’ வந்துவிடும். இன எழுத்துக்கும் அப்படியே. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற சேர்ந்து வந்தால் புள்ளி தானாக வரும். வ, ங, க, இ அடித்தால் ‘வங்கி’. ந, ன, ற, இ அடித்தால் ‘நன்றி’. ஏலக்காய்க்கு ஏழே தட்டு.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘அலுவலகக் கடிதம்’ என்று அடிக்கும்போது இரண்டு ‘க’ பக்கத்தில் பக்கத்தில் வரும். சும்மா அடித்தால் ‘அலுவலக்க்’ என்று ஆகிவிடும். முதல் ‘க’ அடித்ததும் ‘அ’ விசையை ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த ‘க’ அடியுங்கள். சரியாக வரும்.

விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டர்களில் ‘செட்டிங்ஸ்’ போய் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதில் தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கம்ப்யூட்டர்களில் ‘இ-கலப்பை’, ‘என்.எச்.எம். ரைட்டர்’ போன்ற இலவச மென்பொருள் போட்டிருப்பார்கள். எல்லா மென்பொருளிலும் புள்ளி தானாக விழும் என்று சொல்ல முடியாது. விழவில்லை என்றால் ‘எஃப்’ விசையை நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.

சுருக்குச் சொல் வைக்கும் முறை

‘வேர்டு’ மென்பொருளில்:

1. தமிழ் விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள். ‘ஏக மனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று பிழையில்லாமல் ஒரு தடவை அடியுங்கள்.
2. அந்த வரியை மவுசால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள்.
3. மேலே ‘ஃபைல்’ தட்டி, ‘ஆப்ஷன்ஸ்’ போங்கள். அதில் ‘புரூஃபிங்’. அதற்குள் ‘ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். (பழைய 2003 வேர்டில் ‘டூல்ஸ்’ பட்டியலுக்குள்ளேயே இது இருக்கும்.)
4. ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ‘வித்’ என்ற கட்டத்தில் நீங்கள் தேர்வு செய்த வரி தானாக வந்து நிற்கும். ‘ரீப்ளேஸ்’ என்ற கட்டத்தில் ‘ஏதீ’ என்று அடியுங்கள்.
5. ‘ஆட்’ தட்டி, ‘ஓகே’ தட்டுங்கள்.

இனிமேல் ‘ஏதீ’ அடித்து இடம் விட்டால் முழு வரியும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ் 99-ல் அந்த வரியை முழுசாக அடிக்க 27 தட்டு. சுருக்குச் சொல்லுக்கு இடம் விடுவதையும் சேர்த்து 4 தட்டு. ஒரு அறிக்கையில் பத்துத் தீர்மானம் இருந்தால் 270 தட்டு 40 ஆகிவிடும்.

லிப்ரே ஆபீஸில் ‘டூல்ஸ்’ போய் ‘ஆட்டோ கரெக்ட்’ என்று தொடங்கும் வரியைத் தட்டுங்கள். ‘ரீப்ளேஸ்’ பக்கத்தில் இரண்டு கட்டத்தையும் நிரப்பி ‘நியூ’ தட்டினால் வேலை முடிந்தது.

நம் வேலைக்கு ஏற்ற சில சுருக்குச் சொற்கள்:

மசு – மகளிர் சுய உதவிக் குழு
மசுவி – மகளிர் சுய உதவிக் குழுவின்
வக – வங்கி இணைப்புக் கடன்
ராபு – ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்
ஏதீ – ஏக மனதாகத் தீர்மானிக்கப்பட்டது

‘மசு’, ‘மசுவி’ என்று இரண்டு எதுக்கு என்கிறீர்களா? தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். குழு, குழுவின், குழுவுக்கு, குழுவில் என்று வரும். அடிக்கடி வருவதற்குத் தனிச் சுருக்கு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் பின்னால் போய்த் திருத்த வேண்டியதில்லை.

பெயர் வைக்கும்போது பார்க்க வேண்டியது

சுருக்குச் சொல் நாம் சாதாரணமாக எழுதும் சொல்லாக இருக்கக் கூடாது. ‘உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்பதற்கு ‘உமா’ என்று வைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தெல்லாம் பொருந்தித்தான் வருகிறது. ஆனால் குழுவில் உமா என்று ஒரு உறுப்பினர் இருந்தால்? “உமா ரூ.5,000 உள்கடன் பெற்றார்” என்று அடித்தால், “உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள் ரூ.5,000 உள்கடன் பெற்றார்” என்று வந்து நிற்கும்! சிரிக்கலாம்தான். கவனிக்காமல் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு வங்கிக்குக் கொடுத்துவிட்டால் சிரிப்பு வராது.

அதேபோல ‘கடன்’, ‘குழு’ மாதிரிச் சொற்களையும் சுருக்காக வைக்காதீர்கள். ஒரே மெய் இரண்டு தடவை வருகிற மாதிரியும் வேண்டாம். ‘கக’ என்று வைத்தால் அது ‘க்க’ என்று மாறிவிடும்.

இதையெல்லாம் சுருக்காக வைக்கவே கூடாது

இதுதான் முக்கியமான பகுதி. கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

சொல்லிக் கொடுத்ததைக் கம்ப்யூட்டர் அப்படியே திருப்பி எழுதும். அது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது. ஒரு எழுத்துப் பிழையோடு சொல்லி வைத்தால் நூறு கடிதத்திலும் அதே பிழை வரும். ஆகவே மாறாத சொற்களை மட்டும் அதனிடம் கொடுங்கள். ஊர்ப் பெயர், வழக்கமான முகவரி, கடிதத்தின் தொடக்கம், முடிவு ஆகியவை மாறாதவை.

உறுப்பினர் பெயருக்குச் சுருக்கு வைக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புத்தகத்தில் ஒரு மாதிரி எழுத்து இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆவணத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கடன் தொகை, தவணை, வட்டி, தேதி எதற்கும் சுருக்கு வேண்டாம். போன மாதத்துத் தொகை இந்த மாதத் தீர்மானத்தில் வந்து உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஊக்குநரும் பிரதிநிதியும்தான். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவற்றைக் கண்டிப்பாக வைக்கக் கூடாது. கூட்டமைப்பு கம்ப்யூட்டரில் பல பேர் உட்காருவார்கள்.

இன்னொன்று. ‘ஏக மனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரி நாலு தட்டில் வந்துவிடுகிறது. ஆனால் கூட்டத்தில் எல்லாரும் சம்மதித்தார்களா? ஒரு உறுப்பினர் பழைய கடனை அடைக்காமல் இருக்கும்போது மறுபடி அவருக்கே கடன் கொடுப்பதை இரண்டு பேர் மறுத்துப் பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது “இரண்டு உறுப்பினர்கள் மறுப்புத் தெரிவித்தனர், பெரும்பான்மை முடிவின்படி தீர்மானிக்கப்பட்டது” என்றுதான் எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் ‘ஏதீ’ தட்டிவிட்டால் அந்த இரண்டு பேர் பேசிய பேச்சு காணாமல் போய்விடும். நாளைக்குக் கடன் நின்றுபோனால், “எல்லாருந்தான சம்மதிச்சீங்க, கையெழுத்து இருக்கே?” என்று கேட்பார்கள். கடன் அடைப்பதற்கு எல்லாரும் பொறுப்பு என்று இருக்கிற குழுவில் இது சின்ன விஷயமா?

அதனால் ‘பெதீ’ என்று இன்னொரு சுருக்கும் சேர்த்து வையுங்கள். ‘பெரும்பான்மை முடிவின்படி தீர்மானிக்கப்பட்டது’ என்று அது விரியட்டும். மறுத்தவர் எத்தனை பேர், என்ன சொன்னார்கள் என்பதைக் கையால் அடியுங்கள். அச்செடுத்த தாளைக் கையெழுத்துக்கு முன்னால் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் இருக்கும் குழுவில் இது கட்டாயம்.

வேலை செய்யவில்லையா? இதைப் பாருங்கள்

“தமிழ் அடிச்சா இங்கிலீஷ் வருது.” விசைப்பலகை ஆங்கிலத்துக்கு மாறியிருக்கும். விண்டோஸ் படம் போட்ட விசையோடு இடம் விடும் பட்டையைத் தட்டினால் மொழி மாறும். பழைய விண்டோஸில் இடது ‘ஆல்ட்’, ‘ஷிஃப்ட்’ இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் கீழே வலது மூலையில், மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் எந்த மொழி என்று தெரியும்.

“எழுத்தெல்லாம் குழம்பி வருது.” விண்டோஸின் தமிழும் இ-கலப்பை மாதிரி இன்னொரு மென்பொருளும் ஒரே நேரத்தில் ஓடினால் இப்படி ஆகும். ஒன்றை நிறுத்துங்கள்.

“சுருக்குச் சொல் விரியவே இல்லை.” மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, அடித்த பிறகு இடம் விட்டீர்களா? காற்புள்ளி, முற்றுப்புள்ளி வைத்தாலும் விரியும். இரண்டு, அந்தச் சின்னப் பெட்டியில் ‘ரீப்ளேஸ் டெக்ஸ்ட் ஆஸ் யூ டைப்’ என்ற வரிக்கு முன்னால் டிக் அடையாளம் இருக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு மொழிக்கும் வேர்டு தனிப் பட்டியல் வைத்திருக்கும். பெட்டியின் தலைப்பிலேயே எந்த மொழி என்று போட்டிருக்கும். ஆங்கிலப் பட்டியலில் சேர்த்தது தமிழில் அடிக்கும்போது வராமல் போகலாம். தமிழ் விசைப்பலகையில் இருந்தபடியே மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

“வேண்டாத இடத்தில் விரிஞ்சிருச்சு.” உடனே ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘இசட்’ தட்டுங்கள். அடித்தபடியே திரும்பி வந்துவிடும்.

“வங்கியில் திறந்தா குப்பை எழுத்தா வருதாம்.” பழைய எழுத்துருவில் அடித்தால் இப்படி ஆகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடு முறையில் அடித்தால் இந்தத் தொல்லை கிடையாது. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. சுருக்குச் சொல்லையும் யூனிகோடிலேயே வையுங்கள். அனுப்பும்போது ‘பி.டி.எஃப்.’ ஆக மாற்றி அனுப்பினால் போகிற இடத்தில் எழுத்து மாறாது.

“அழிக்கப் போனா பாதி எழுத்துதான் அழியுது.” ‘கு’வை ‘பேக்ஸ்பேஸ்’ விசையால் அழித்தால் முதல் தட்டில் உகரக் குறி மட்டும் போய் ‘க’ நிற்கும். கோளாறு ஒன்றுமில்லை. இன்னொரு தட்டு தட்டினால் அதுவும் போய்விடும்.

“திடீர்னு ஏதோ பெட்டி வந்து கேள்வி கேக்குது.” ‘ஷிஃப்ட்’ விசையைத் தொடர்ந்து ஐந்து தடவை தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற பெட்டி வரும். ‘நோ’ என்று தட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

செல்போனிலும் உண்டு

கம்ப்யூட்டர் இல்லாத குழுக்கள் கவலைப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு செல்போனில் கூகுளின் ‘ஜிபோர்டு’ விசைப்பலகை இருந்தால், அதன் அமைப்பில் ‘டிக்‌ஷனரி’ போய் ‘பர்சனல் டிக்‌ஷனரி’யைத் திறந்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியைத் தட்டுங்கள். முழு வரியை ஒரு கட்டத்திலும் சுருக்குச் சொல்லை இன்னொரு கட்டத்திலும் அடித்து வைக்கலாம். செல்போனில் தானாக விரியாது. சுருக்குச் சொல் அடித்ததும் விசைகளுக்கு மேலே முழு வரி தோன்றும். அதை விரலால் தொட வேண்டும். கூட்ட அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு ரொம்ப உதவியாக இருக்கும்.

ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் போதாது

சுருக்குச் சொல் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேதான் இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் போய் ‘மசு’ அடித்தால் ‘மசு’ என்றே நிற்கும். கம்ப்யூட்டர் பழுதானால் பட்டியலும் போய்விடும். கணக்கு எழுதுகிற பிள்ளை கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டால் எந்தச் சுருக்கு எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே முழுப் பட்டியலையும் தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நகலைப் பதிவேட்டின் பின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். புதிதாகச் சேர்த்தால் தேதி போட்டு எழுதுங்கள். குழுவுக்கு இரண்டு பேராவது அடிக்கப் பழகட்டும். பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள்களும் மகள்களும் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். தமிழ் 99 எழுத்துகளைச் சின்னச் சீட்டில் எழுதி விசைகள் மேல் ஒட்டிக் கொடுத்து, நாளுக்கு அரை மணி நேரம் பழகச் சொல்லுங்கள்.

நாம் பறித்து இறக்குகிற ஏலக்காயைப் போடியில் நறுமணப் பொருள் வாரிய ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசையைத் தட்டித்தான் ஏலம் கேட்கிறார்கள். காய் பறித்த கைக்கு விசை தட்டத் தெரியாதா என்ன?

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்யுங்கள். கடைசி மூன்று மாதத் தீர்மானங்களை எடுத்து, அடிக்கடி வருகிற பத்து வரிகளைக் குறியுங்கள். அவற்றில் மாறாதது எது, மாறுவது எது என்று எல்லாரும் பேசிப் பிரியுங்கள். மாறாததற்கு மட்டும் சுருக்குச் சொல் வைத்து, பட்டியலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுங்கள். எல்லாக் குழுக்களும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தினால் யார் வந்து உட்கார்ந்தாலும் வேலை நடக்கும்.